டக்டின் வாயை மூடலாமா?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலை டிபனைச் சீக்கிரம் முடித்துவிட்டு இத்தனை பேர் வந்திருப்பதற்கு நன்றி. செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

இன்றைய அஜெண்டாவில் நான்காவது தீர்மானத்தைப் பாருங்கள். பாத்ரூம் டக்டுகளின் மேல்வாயை மொட்டை மாடியில் ஷீட் போட்டு மூடுவது. கேட்டவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது. புறாத் தொல்லை தாங்கவில்லை. ஐப்பசி மழையில் சாரல் உள்ளே அடிக்கிறது. ஆனாலும் முப்பது வருடம் கட்டடங்களில் ஏசி, வென்டிலேஷன் வேலை பார்த்தவன் என்ற முறையில், நீங்கள் கை தூக்குவதற்கு முன் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த வார்த்தை. நமக்கு டக்ட் என்றால் குழாய்கள் இறங்கும் சந்து. "டக்டில் துண்டு விழுந்துடுச்சு" என்று வாட்ச்மேனைக் கூப்பிடுகிறோமே, அதுதான். நான் வேலை பார்த்த இடங்களில் டக்ட் என்றால் கூரைக்குக் கீழே ஓடும் தகரக் கூடு. செங்கல்லில் கட்டினாலும் தகரத்தில் மடித்தாலும் வேலை ஒன்றுதான்: காற்று ஓர் இடத்தில் நுழைந்து இன்னோர் இடத்தில் வெளியேற வழி கொடுப்பது. இரண்டு முனையில் ஒன்றை அடைத்தால் அது டக்ட் இல்லை, வெறும் பெட்டி.

நம் பிளாக்கில் ஐந்து மாடி. மாடிக்கு இரண்டு பாத்ரூம் ஒரே டக்டைப் பார்க்கின்றன. ஆகப் பத்து எக்ஸாஸ்ட் ஃபேன். இவை தள்ளும் ஈரக் காற்றுக்குப் போக்கிடம் மேல்வாய் மட்டும்தான், அடியில் சுவர். மேலே மூடினால் என்ன ஆகும்? இரண்டாம் மாடிக்காரர் ஃபேன் போட்டால் அந்தக் காற்று மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக அவர்கள் பாத்ரூமுக்குள் போகும். நாற்றம் என்றால் முகம் சுளித்துவிட்டு இருந்துவிடலாம். ஆனால் நம் பிளாக்கில் சில வீடுகளில் கேஸ் கீசர் இருக்கிறது. காற்றோட்டம் குறைந்த இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றும், மயக்கம் வரும், தாழ்ப்பாளைத் திறக்கக்கூட முடியாமல் போகும். குளிக்கப் போனவர் திரும்பி வரவில்லை என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதில் பல இப்படி நடந்தவைதான்.

காற்றோட்டத்தின் அருமை நம் ஊருக்குத் தெரியாததல்ல. குரோம்பேட்டை தாண்டியதும் ரயில் நிற்கிறதே, சானடோரியம் ஸ்டேஷன். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்திய டாக்டர் சவுரி முத்து, 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தின் பெயர்தான் அது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம். திறந்த வெளி, நல்ல காற்று, ஓய்வு, உணவு, இவைதான் சிகிச்சை. அந்த ஊரில் குடியிருந்துகொண்டு நாம் காற்று போகும் வழியை அடைக்கப் பார்க்கிறோம்.

அடுத்து சமையலறை. என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். நான் வெளியூர் போயிருந்தபோது சிம்னி மாட்ட வந்தவர், ஆறு அங்குல அலுமினியக் குழாயை மூன்று இடத்தில் வளைத்து, ஏற்கெனவே இருந்த நாலு அங்குல ஓட்டையில் நசுக்கிச் செருகி, வாயை பாத்ரூம் டக்டுக்குள் விட்டுவிட்டார். மேல் வீட்டு அம்மா, "சார், உங்க வீட்ல நேத்து கருவாடா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. ஆறு அங்குலத்தை நாலு ஆக்கினால் மூன்றில் ஒரு பங்குதானே குறைகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டால் 36-க்கு 16, பாதிக்கும் குறைவான வழிதான் மிச்சம். மடிப்பு மடிப்பான அந்தக் குழாயைச் சுருக்கமாக விட்டால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு தங்கும். பிசுக்கு தீப்பிடிக்கும். அதனால் குழாயை முழுக்க இழுத்து, குறைந்த தூரத்தில், ஒரே வளைவோடு, வெளிச்சுவர் வழியாக விடுங்கள். டக்டுக்குள் வேண்டாம். வெளிவாயில் ஃபேன் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் லூவர் போட்டால் புறாவும் வராது.

இன்னொன்று. வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுச் சிம்னியைப் போட்டால் அது கிடைத்த இடத்திலிருந்து இழுக்கும். ஒரு மாதம் பூட்டிய வீட்டில் தரை ஜாலிக்குக் கீழே உள்ள நானி டிராப் காய்ந்திருக்கும். சாக்கடை வாடை அதன் வழியாக ஏறிவரும். ஊரிலிருந்து வந்ததும் ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். பாத்ரூம் கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி இருக்கட்டும், அதைத் துணி வைத்து அடைக்காதீர்கள்.

இப்போது பேஸ்மென்ட். அங்கே கூரையில் ஓடும் செவ்வகக் கூடு ஜிஐ தகட்டால் ஆனது. வட்டக் குழாயில் காற்று இன்னும் எளிதாக ஓடும். ஆனால் பீமுக்குக் கீழே உயரம் போதாது என்பதால் தட்டையாகச் செய்கிறார்கள். பக்கவாட்டில் உள்ள கம்பி ஜன்னல்கள், அதாவது கிரில், புகையை இழுக்கின்றன. ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே கேன்வாஸ் துணி இணைப்பு ஒன்று உண்டு. ஃபேனின் அதிர்வு கூட்டுக்குப் போகாமல் தடுப்பது அதுதான். நம்முடையது கிழிந்திருக்கிறது. அதனால் சத்தம், சத்தம் என்பதால் ஃபேனை நிறுத்தி வைத்திருக்கிறோம். துணியை மாற்றினால் போதும், சின்னச் செலவுதான். தகட்டுக் கூட்டில் துணிக்கொடி கட்டியவர் யாரென்று நான் கேட்கப்போவதில்லை. தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள்.

ஏன் இதை வலியுறுத்துகிறேன்? 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் தீ பிடித்தது தரைத்தளத்தில், டிரான்ஸ்ஃபார்மர் அறையிலும் அதையொட்டிய கார் நிறுத்தத்திலும். இறந்த 59 பேரில் பெரும்பாலோர் மேலே பால்கனியில் படம் பார்த்தவர்கள். படிக்கட்டும் ஏசி டக்டும் புகைக்கு வழியாகிவிட்டன. அதனால்தான் 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, பேஸ்மென்டில் தீ ஏற்பட்டால் மணிக்கு 12 முறை காற்று மாறும்படி ஃபேன் ஓட வேண்டும் என்கிறது. பெரிய கட்டடங்களில் ஏசி டக்ட் தீத்தடுப்புச் சுவரைத் தாண்டும் இடத்தில் ஃபயர் டேம்பர் என்ற கதவு வைப்பார்கள். சுமார் 72 டிகிரி வெப்பத்தில் அதிலுள்ள உலோகத் துண்டு உருகி, கதவு தானே விழுந்து புகையை மறிக்கும்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம். லிஃப்டுக்குப் பக்கத்தில் எலக்ட்ரிக்கல் டக்ட் இருக்கிறது. கேபிள்கள் மாடிக்கு மாடி ஏறும் வழி. அதைத்தான் நாம் மூட வேண்டும்! ஒவ்வொரு மாடித் தளத்திலும் கேபிளைச் சுற்றியுள்ள ஓட்டையைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்க வேண்டும். நாமோ அதைத் திறந்துவிட்டு, உள்ளே பழைய பேப்பரும் துடைப்பமும் வைத்திருக்கிறோம். மூட வேண்டியதைத் திறந்து வைத்துவிட்டு, திறந்திருக்க வேண்டியதை மூடத் தீர்மானம் போடுகிறோம்.

சரி, புறாவுக்கும் மழைக்கும் என்ன வழி? நம் டக்ட் நாலுக்கு ஆறு அடி, 24 சதுர அடி. சுற்றளவு 20 அடி. ஷீட்டை வாயில் படுக்கப் போடாமல், இரண்டு அடி உயரக் கால் வைத்துக் குடை மாதிரி நிறுத்தினால், நாலு பக்கமும் சேர்ந்து 40 சதுர அடி திறப்பு கிடைக்கும். வலை கட்டினாலும் காற்றுக்குக் குறையில்லை. ஷீட் சுற்றிலும் ஒரு அடி வெளியே நீளட்டும், சாரல் படாது. ஆங்கிள் சட்டத்தைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் எத்தனை மாடி ஷீட்டுகள் பறந்தன என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

ஆகவே நான்காவது தீர்மானத்தில் "மூடுவது" என்பதை "வலையுடன் உயர்த்திய கூரை அமைப்பது" என்று மாற்றவும், கேன்வாஸ் இணைப்பு, எலக்ட்ரிக்கல் டக்ட் இரண்டையும் அதே பட்ஜெட்டில் சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறேன். கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் தீர்மானத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன். காபி மட்டும் போதும்.