புளியங்கொட்டையில் கணக்குப் பாடம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களஒருங்கிணைப்பாளர் பேசியது)

வெள்ளிமலை, சேராப்பட்டு, கரியாலூர் பக்கமிருந்து விடியக்காலையிலேயே பஸ் பிடித்து இறங்கி வந்திருக்கும் அக்காமார்களே!

கடன், தவணை எல்லாம் பேசி முடித்தாயிற்று. பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். படிப்பு என்றாலே நம்மில் பலர், "குழுவுல சேர்ந்த பிறகுதான் எனக்குக் கையெழுத்தே போட வந்துச்சு, நான் என்னத்தச் சொல்லித் தர்றது?" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒரு பாடத்தில் மட்டும் இந்தச் சாக்கு செல்லாது. அதுதான் பட விளக்கப்படம்.

தொடக்கப்பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'தகவல் செயலாக்கம்' என்று ஒரு பகுதி உண்டு. மாம்பழம் பிடித்தவர்கள் எத்தனை பேர், வாழைப்பழம் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று படங்களை வரிசையாக அடுக்கிக் காட்டுவார்கள். 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் சின்ன வகுப்புகளுக்குப் படமும் அட்டையும் பொருளும் வைத்துத்தான் பாடம். பெயர்தான் நமக்குப் புதுசு. பி.ஆர்.ஏ. என்று ஊரைக் கூட்டி, தரையில் கோலமாவால் கட்டம் போட்டு, தண்ணியா, ரோடா, ஆஸ்பத்திரியா என்று புளியங்கொட்டை வைப்போமே, அதேதான் இது. எந்தக் கட்டத்தில் கொட்டை அதிகமோ அதுதான் ஊருக்கு முதல் தேவை. இதைப் படிக்காத பாட்டிகூட பட்டென்று சொல்வார்.

வீட்டில் எப்படிச் செய்வது? மொச்சை, புளியங்கொட்டை, பலாக்கொட்டை மூன்றையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே கோட்டில் தொடங்கி வரிசையாக அடுக்கட்டும். இங்கேதான் கவனம் வேண்டும். நாலு பலாக்கொட்டை வரிசை, ஆறு புளியங்கொட்டை வரிசையைவிட நீளமாகத் தெரியும். பிள்ளை "பலாக்கொட்டைதான் நெறைய" என்று சொல்லும். தலையில் குட்டாதீர்கள். அந்த வயதில் கண்ணுக்கு நீளம்தான் முதலில் படும். கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்று என்று வைக்கச் சொன்னால் தானே திருத்திக்கொள்ளும். காலித் தீப்பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, எல்லாம் ஒரே அளவு.

ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் ஓட்டோ நியூராத் என்பவர் 1925-ல் சாதாரண ஜனங்களுக்கு நாட்டுக் கணக்கைப் படத்தால் காட்ட ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். அவர் வைத்த விதியும் இதுதான். எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிசாக்காதே, அதே அளவுப் படத்தை இன்னும் சேர்த்து வை.

அடுத்தபடி கொஞ்சம் கஷ்டம். 'ஒரு படம் = 5 ஆடு' என்று ஓரத்தில் போட்டிருக்கும். நாலு படம் இருந்தால் பிள்ளை நாலு ஆடு என்று எழுதிவிட்டு வரும். நூறு ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டுங்கள். "இது ஒரு தாள்தானே, அப்ப ஒரு ரூபாயா?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்ளும். சந்தைக்குப் போய்ப் பழகின பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எண்ணி முடித்ததும் விட்டுவிடாதீர்கள். எது அதிகம், எது குறைவு, எத்தனை வித்தியாசம், ஏன் என்று கேளுங்கள். அந்த 'ஏன்' முக்கியம். மலையில் ஒரு மாலை வகுப்பில் பிள்ளைகள், ஒவ்வொரு மாதமும் வகுப்புக்கு வந்தவர்களை ஆளுக்கு ஒரு தீப்பெட்டி என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒரு இடத்தில் வரிசை சட்டென்று குட்டையாகி இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை சொன்னது, "அப்பதான் அம்மா, அப்பால்லாம் எஸ்டேட் வேலைக்குப் போனாங்க, பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு." பக்கத்தில் நின்ற தாய்மார்கள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் அவர்களே பொருளாக எடுத்தார்கள்: வேலைக்குப் போகும் மாதங்களில் பிள்ளையை யார் வீட்டில் விடுவது, உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கேட்கலாமா என்று. வருகைப் பதிவேட்டிலும் அதே கணக்குதான் இருந்தது, ஆனால் அதை யார் திறந்து பார்த்தோம்?

வேலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சாமையும் மரவள்ளியும் வருஷம் முழுக்கச் சோறு போடாது என்று எனக்கும் தெரியும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு அட்டை கொண்டுவாருங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாதாமாதம் எத்தனை பேர் பள்ளிக்குப் போனார்கள் என்று பிள்ளைகளே ஒட்டியதாக இருக்க வேண்டும். ஊக்குநர் ஒட்டித் தரக் கூடாது. தீப்பெட்டி போதாவிட்டால் புளியங்கொட்டை ஒட்டினாலும் சரி, கட்டம் மட்டும் போட்டுவிடுங்கள்.