அந்த இலக்கம் யாருடையது?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கம்பியில்லாத் தொடர்பு வழியாகக் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும் சேவைகள் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, பொறியியல் படித்த தங்கை ஒருத்தியைக் கேட்டிருக்கலாமே என்றுதான் நினைத்தோம். வைத்தியர்களாகிய எங்களுக்கு இதில் என்ன வேலை? ஆனால் கிளினிக்கில் மருந்துச் சீட்டுக்குப் பக்கத்தில் இப்போது எப்போதும் ஒரு தொலைபேசி இருக்கிறது. அதில் நாங்கள் கண்டதைச் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டோம்.

எங்கள் வகுப்பினர் இந்த வசதிக்கு மிகவும் பிந்தி வந்தவர்கள். 1989இல் கொழும்பில் செல்ரெல் நிறுவனம் தெற்காசியாவின் முதலாவது கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. அப்போது நாங்கள் கீழ்ப்பிரிவில் வாய்ப்பாடு பாடமாக்கிக்கொண்டிருந்தோம். அடுத்த ஆண்டே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய்விட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதுதான் நாங்கள் அறிந்த கம்பியில்லாத் தொடர்பு. (சுற்றுவது எப்போதும் தம்பிமாரின் வேலை. நிலையத்தைத் தெரிவு செய்வது அப்பாமாரின் உரிமை.) 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான் கைத்தொலைபேசி எங்கள் பக்கம் பரவியது. 2006 ஓகஸ்டில் டயலொக் நிறுவனம் தெற்காசியாவில் முதன்முதலாக மூன்றாம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியது. அதே ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. கொழும்பில் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்றார்கள். எங்கள் கவலை சீனி எப்போது வரும் என்பதாக இருந்தது.

கைத்தொலைபேசியில் வியாபாரம் செய்யலாம் என்ற எண்ணம் அதற்கு முன்பே உலகில் இருந்தது. 1990களின் இறுதியில் வந்த 'வாப்' முறை மிகவும் மெதுவானது, நிமிடக் கணக்கில் காசும் போனது, சனம் விரும்பவில்லை. ஜப்பானில் 1999 பெப்ரவரியில் வந்த 'ஐ-மோட்' எவ்வளவு தரவு போகிறதோ அவ்வளவுக்கே கட்டணம் என்று வைத்ததால் வென்றது.

எங்களுக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது கென்யா. 2007 மார்ச்சில் அங்கே தொடங்கிய 'எம்-பேசா'வுக்கு இணையம் தேவைப்படவில்லை. சிம் அட்டைக்குள்ளேயே இருந்த ஒரு சிறிய பட்டியல் போதும், மலிவான தொலைபேசியிலும் வேலை செய்தது. சந்திக் கடையில் காசைக் கொடுத்தால் ஊரில் இருக்கும் தாய் இன்னொரு கடையில் எடுத்துக்கொள்ளலாம். சிறுகடன் தவணை கட்டுவதற்கென்றே அதை முதலில் பரீட்சித்துப் பார்த்தார்கள். சனம் அதை வீட்டுக்குக் காசு அனுப்பும் வழியாக மாற்றிவிட்டது. இலங்கையிலும் 2012இல் 'ஈசி காஷ்' இதே வழியில் வந்தது. தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் 2016இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எம்-பேசாவினால் கென்யாவில் ஏறத்தாழ 194,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன என்பது அவர்கள் கணக்கு. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் பயன் கூடுதலாக இருந்தது. தன் பெயரில், தன் கையில், தனக்கு மட்டும் தெரிந்த இரகசிய இலக்கத்துடன் ஒரு கணக்கு இருந்தது என்பதே அதற்குப் பெரிய காரணம் என்று நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.

எங்கள் வீடுகளில் அப்படியா இருக்கிறது?

கிளினிக்குக்கு வரும் அம்மா ஒருவரிடம் இலக்கம் கேட்டால் மகனுடைய இலக்கத்தைச் சொல்வார், இளம்பெண் கணவருடையதையோ அண்ணனுடையதையோ சொல்வார். வங்கியிலும் அப்படித்தான். ஓய்வூதியக் காசை எடுக்கும் அம்மாவுக்கு வங்கி அனுப்பும் ஆறு இலக்கம் கொழும்பில் மகனின் சட்டைப்பைக்குள் ஒலிக்கிறது. அவர் கூட்டத்தில் இருப்பார். அம்மா காத்திருப்பார். சொந்தத் தொலைபேசி இருந்தாலும் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழில் 70 குறிகள்தான், 'கொ' என்பதற்கே இரண்டு குறி போய்விடும். ஆகவே தமிழில் எழுதினால் ஒரு செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்து செலவும் கூடும். வாசிக்க முடியாத அம்மா அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நீட்டுவார். இப்படித்தான் இரகசிய இலக்கம் ஒழுங்கை முழுக்கத் தெரிந்ததாகிறது.

இனிச் சொல்லப்போவதைப் பேசுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தோம். ஆளை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியே சொல்கிறோம்.

இளம்பெண் ஒருவரை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். தனியார் ஆய்வுகூடம் ஒன்று, அறிக்கையைக் குறுஞ்செய்தி இணைப்பாக அனுப்பும் வசதி உள்ளது. திரும்ப ஒருநாள் அலையத் தேவையில்லை என்று நாங்களே அதைப் பாராட்டிச் சொன்னோம். படிவத்தில் தொலைபேசி இலக்கம் என்ற கட்டத்தில் அவர் சொன்னதை எழுதினோம். அது அண்ணனுடைய இலக்கம். அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்பதை அவருக்கு முன்பே அண்ணன் வாசித்துவிட்டார். மறுநாள் அண்ணன்தான் தொலைபேசியை நீட்டியபடி எங்கள் முன்னால் நின்றார். அந்தப் பெண் பின்னர் எங்கள் கிளினிக்குக்கு வரவேயில்லை. எங்கே போனார், யாரிடம் காட்டினார் என்று எங்களுக்குத் தெரியாது.

ஆய்வுகூடம் தவறு செய்யவில்லை, கொடுத்த இலக்கத்துக்கு அனுப்பியது. தொழில்நுட்பமும் பிழைக்கவில்லை, சில வினாடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. "இது யாருடைய இலக்கம் பிள்ளை?" என்று நாங்கள் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. கதவைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும் என்று படித்த செய்தி அது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவல்களைச் சிறப்பு வகையாகக் கொண்டு கூடுதல் பாதுகாப்புக் கேட்கிறது. நல்லது. ஆனால் வீட்டுக்குள் மேசையில் கிடக்கும் தொலைபேசியை யார் எடுப்பார்கள் என்பது சட்டத்துக்குத் தெரியாது.

இப்போது எங்கள் படிவத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இலக்கம் யாருடையது? முடிவைச் செய்தியாக அனுப்பலாமா? வேறு யாரும் வாசிப்பார்களா? சில பரிசோதனைகளுக்கு "அறிக்கை தயார், வாருங்கள்" என்று மட்டுமே அனுப்பச் சொல்கிறோம். அரை நிமிடம் கூட எடுக்கிறது. எங்கள் தாதிமார் முதலில் முணுமுணுத்தார்கள், வரிசை வாசல் தாண்டி நிற்கையில் அரை நிமிடமும் அரை நிமிடம்தானே. இப்போது அவர்களே கேட்கிறார்கள். "என்ரை சொந்த நம்பர் இருக்கு, ஒருத்தரும் கேக்கேல்லை டொக்டர்" என்று கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்துக் காட்டிய அம்மாமாரும் உண்டு.

வயதானவர்களுக்கு இது வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது, மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார், பெயர் சொன்னால் ஏசுவார். 2020 ஊரடங்கில் மருந்துச் சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பழகியவர்களும் எங்கள் அம்மாமார்தான். தேவை வந்தால் பழகிவிடுவார்கள், பக்கத்தில் பொறுமையாக ஒருவர் இருக்க வேண்டும்.

அதனால் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம், செயற்குழுவும் ஏற்றுக்கொண்டது. இன்று பின்னேரம் இரண்டு மணிக்கு மண்டபத்தின் பின்புறத்தில் ஒரு மேசை போடப்படும். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். தொலைபேசியைத் தமிழுக்கு மாற்றவும் திரைக்குப் பூட்டுப் போடவும் காட்டித் தருவார்கள். உங்கள் கையைப் பிடித்து உங்கள் விரலாலேயே செய்ய வைப்பார்கள், வாங்கித் தாங்களே செய்துவிட மாட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். வங்கியிலும் கிளினிக்கிலும் எந்த இலக்கம் பதிந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ள ஒரு துண்டும் தருவார்கள். வங்கியில் மாற்றுவதற்கு அடையாள அட்டையுடன் நீங்களே கிளைக்குப் போவது நல்லது. இரகசிய இலக்கத்தை அந்தப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டாம். எங்களுக்கும் வேண்டாம்.

வரும்போது மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள்.