ஆறு வாரம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன். அங்கே பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்திவிடலாம். என் இல்லத்தில் நான் செய்த கணக்குப் பிழையை அவ்வாறு திருத்த முடியவில்லை. அது பிறருக்கும் நேரலாகாது என்பதற்காகவே பேச இசைந்தேன்.

சென்ற ஆண்டு என் மனைவிக்குச் சினைப்பையில் கட்டி கண்டு, வயிற்றைத் திறந்து இரண்டு சினைப்பைகளையும் அகற்றினார்கள். அப்போது அவளுக்கு வயது 42. கட்டி தீயதன்று என்று சோதனையில் தெரிந்து நிம்மதியடைந்தோம். அண்டை அயலாரிடம் ‘வயிற்று ஆபரேஷன்’ என்று மட்டுமே சொன்னோம். இத்தகைய நோயைப் பெயரிட்டுப் பேசுவது நம் குடும்பங்களில் வழக்கமில்லையே!

நான் பத்து நாள் விடுப்பு எடுத்தேன். தையல் பிரித்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று வேலைக்குத் திரும்பினேன். மூன்றாம் நாள் மாலை வீடு வந்தபோது அவள் சுவரைப் பிடித்தபடி அமர்ந்திருந்தாள். அருகே நிறைந்த வாளி. “தண்ணீர் நின்றுவிடுமே என்றுதான்...” என்றாள். சேலையில் ஈரம் தெரிந்தது; அது தண்ணீரன்று. மீண்டும் மருத்துவமனை. மேலும் மூன்று வாரம் கட்டு மாற்ற வேண்டியதாயிற்று.

அன்றுதான் டாக்டர் விளக்கினார். வெளித்தோல் பத்து நாளில் கூடிவிடும். வயிற்றுச் சுவரின் உள் அடுக்குகள் உறுதிப்பட ஏறத்தாழ ஆறு வாரம் வேண்டும். அதுவரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கலாகாது. 15 லிட்டர் வாளி 15 கிலோ அல்லவா! அதற்காகப் படுத்தே கிடப்பதும் தவறு. கால்களில் இரத்தம் உறையாதிருக்கத் தினமும் சிறிது சிறிதாக நடக்க வேண்டும். காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மற்றொன்றையும் நான் அறியாதிருந்தேன். மாதவிடாய் நிற்கும் பருவத்திற்கு முன் இரு சினைப்பைகளையும் எடுத்தால், இயற்கை பல ஆண்டுகளில் செய்யும் மாறுதல் ஒரே நாளில் வந்துவிடுகிறது. நள்ளிரவில் உடல் கொதித்து வியர்க்கும், உறக்கம் கெடும், சிறு சொல்லுக்கும் சினமும் அழுகையும் வரும். நானோ, “உனக்கென்ன பிடிவாதம்?” என்று கடிந்துகொண்டேன். “எனக்கே தெரியவில்லையே” என்று அவள் அழுதாள். அந்தச் சொல் இன்றும் என்னை வருத்துகிறது. எலும்பும் வலுக்குறையும், ஆதலால் ஹார்மோன் சிகிச்சை தகுமா என்பதை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

1809இல் அமெரிக்காவின் கென்டக்கியில் எப்ரேம் மெக்டவல் என்னும் மருத்துவர், மயக்க மருந்தே இல்லாத அக்காலத்தில், ஒரு பெண்மணியின் சினைப்பைக் கட்டியை அகற்றினார். அதன் எடை சுமார் பத்து கிலோ. ஐந்தாம் நாள் அவர் சென்று பார்த்தபோது அந்த அம்மையார் எழுந்து தம் படுக்கையைச் சீர்செய்துகொண்டிருந்தாராம்! எந்த நாடாயினும் பெண்கள் தாமாக ஓய்வெடுப்பதில்லை. நாம்தான் ஓய்வு தரவேண்டும்.

இந்தக் கரக்பூரில் நமக்குத் தாயும் மாமியாரும் அருகில் இல்லை. செய்தி அறிந்ததும் எதிர்வீட்டு வங்காள அம்மையார் இரு வாரம் மதியச் சாப்பாடு அனுப்பினார். முன்பே சொல்லியிருந்தால் முன்பே அனுப்பியிருப்பார். ஆகவே மறைக்காதீர்கள். நம் காலனியில் எவருக்கேனும் இத்தகைய சிகிச்சை நேர்ந்தால் ஒரு வீடு சாப்பாட்டை ஏற்கட்டும்; ஒரு வீடு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பட்டும். தண்ணீர் வாளியை மட்டும் வீட்டு ஆண்மகனே தூக்கட்டும், ஆறு வாரமும் தவறாமல்.