கருவியும் கூட்டமும்



சித்திரைத் திருவிழாவில் மதுரை மாசி வீதிகளில் தேர் வருவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். வடம் எத்துணை உறுதியாயினும், பிடித்திழுக்கக் கைகள் இல்லையேல் தேர் நிலையை விட்டு நகராது. கைகள் ஆயிரம் இருந்தும் வடம் இல்லையேல் அப்போதும் நகராது. விஞ்ஞானம் தரும் கருவிக்கும் ஊர் மக்களின் கூட்டத்திற்கும் உள்ள உறவு இத்தகையதே. அவ்வுறவைச் சில உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

1956ஆம் ஆண்டில் பூனா வட்டாரக் கிராமங்களில் அகில இந்திய வானொலி ஒரு சோதனை நடத்தியது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இதற்குத் துணை நின்றது. ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலிச் சங்கங்கள் அமைந்தன. இருபது பேர் வரை ஒரு சங்கத்தில் கூடுவர். வாரத்திற்கு இருமுறை, அரைமணி நேரம் நிகழ்ச்சியைக் கேட்பர். பின்னர் தமக்குள் விவாதிப்பர். எழுந்த ஐயங்களை நிலையத்திற்கு எழுதுவர். மறுமொழி வானொலியிலேயே வரும். ‘கேள், கலந்து பேசு, செய்’ என்பதே அச்சங்கங்களின் தாரக மந்திரம்.

பம்பாய் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தார் இதனை ஆராய்ந்தார்கள். சங்கம் உள்ள ஊர்களையும், வானொலிப் பெட்டி மட்டும் உள்ள ஊர்களையும், இரண்டும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். சங்கம் கண்ட ஊர்களில் மக்களின் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் வளர்ச்சி மிகக் குறைவு. சங்கம் இருந்த ஊர்கள் சிலவற்றில் கிணறு வெட்டினார்கள். உயர்ந்த இனக் காளை வாங்கினார்கள். பாலர் பள்ளி தொடங்கினார்கள். பெட்டி ஒன்றுதான், கேட்ட முறைதான் வேறு. 1964இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலும் இத்தகைய வானொலிச் சங்கங்கள் சோதனையாகத் தொடங்கப்பெற்றன. கனடா நாட்டில் பிறந்து, இந்தியாவில் வளர்ந்த ஒரு முறை ஆப்பிரிக்கக் கிராமத்து மரத்தடியையும் அடைந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2001ஆம் ஆண்டில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் கணினி நிலையங்கள் தோன்றின. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் சிலவும் இம்முயற்சியில் பங்குகொண்டன. கம்பியில்லாத் தொலைபேசி முறையில் இணையத் தொடர்பு சிற்றூரின் வாசலுக்கே வந்தது. சாதிச் சான்றுக்கும் முதியோர் உதவித் தொகைக்கும் தாலுகா அலுவலகத்திற்கு அலையாமல், ஊரிலிருந்தே விண்ணப்பம் அனுப்பலாயிற்று. நோயுற்ற கண்ணைப் படம் பிடித்து மதுரை மருத்துவர்க்கு அனுப்பினார்கள். ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து சான்றிதழுக்காக நின்ற தந்தையரைப் பார்த்துப் பார்த்து வருந்திய ஆசிரியன் நான். ஆகவே இதனை நான் எத்துணை மகிழ்ச்சியோடு வரவேற்றிருப்பேன் என்பதை நீங்கள் உணரலாம்.

எனினும், சில ஆண்டுகளுக்குள் அந்நிலையங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. காரணம் என்ன? வரும்படி செலவுக்குப் போதவில்லை. இயந்திரம் பழுதுற்றால் செப்பனிட நிலையான ஏற்பாடு இல்லை. ஊக்கமுள்ள அதிகாரிகள் மாறிச் சென்றதும் அலுவலகத்தின் ஆர்வமும் தளர்ந்தது. இவற்றோடு என் கருத்து ஒன்றையும் சொல்வேன். நிலையம் ஒருவருடைய கடையாக இருந்தது. ஊரின் சொத்தாக ஆகவில்லை. கோயில் விளக்கு அணைந்தால் ஊர் கேட்கும். கடை விளக்கு அணைந்தால் யார் கேட்பார்?

இதனோடு மற்றொன்றை ஒப்பிடுங்கள். 1976இல் டாக்டர் வேங்கடசாமி அவர்கள் பதினொரு படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அதன் கண் சிகிச்சை முகாம்களை நடத்துவதில் உள்ளூர் மக்களுக்குப் பெரும் பங்குண்டு. ஊர்ச் சங்கமோ, தொண்டு அமைப்போ பள்ளிக் கட்டடத்தை ஏற்பாடு செய்யும், ஒலிபெருக்கியில் அறிவிக்கும், முதியோரை வரிசையில் அமர்த்தும். மருத்துவர்கள் கருவிகளோடு வந்து சோதிப்பார்கள். கண்புரை உள்ளோரை அன்றே பேருந்தில் மதுரைக்கு அழைத்துச் சென்று, இலவசமாக அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கருவி மருத்துவமனையுடையது, கூட்டம் ஊருடையது.

பின்னர் அம்மருத்துவமனை சிற்றூர்களில் நிலையான பார்வை மையங்களையும் அமைத்தது. தேனிப் பகுதியில் தொலைதூரக் கம்பியில்லா இணைப்பை நிறுவக் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தார் உதவினார்கள். பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிப்பார். தொலைவிலுள்ள மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுவார். மேலூரில் நிலைக்காத எண்ணம் இங்கே நிலைத்தது. கருவிக்குப் பின்னே பயிற்சி பெற்ற ஆளும், பொறுப்பேற்ற நிறுவனமும் இருந்தமையே காரணம் என்பேன். மதுரையில் 1992இல் தோன்றிய அதன் பயிற்சி நிறுவனத்தின் வாயிலாக ஆப்பிரிக்க நாடுகளின் கண் மருத்துவமனைகளும் இம்முறைகளைக் கற்றுக்கொண்டிருக்கின்றன. சிற்றூரை அடைய வேண்டிய தொல்லை அங்கும் இங்கும் ஒன்றே அல்லவா?

மாணவர்களே, இன்று உங்கள் கையிலுள்ள கைப்பேசி, பூனாவின் வானொலிப் பெட்டியையும் மேலூரின் கணினியையும் ஒருங்கே விஞ்சியது. ஆனால், அதனைத் தனித்திருந்து பார்ப்பவர் பலர். கூடியிருந்து பயன்கொள்பவர் சிலரே. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே சென்று அமருங்கள். வரவு செலவுக் கணக்கைப் படித்துப் பெரியவர்களுக்கு விளக்குங்கள். கண்மாயின் வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதைப் படம் எடுத்துச் சபையின் முன் வையுங்கள். பின்னர் அந்தத் தீர்மானம் நிறைவேறியதா என்று அடுத்த சபையில் மறவாது கேளுங்கள். கேட்பதும் கலந்து பேசுவதும் எளிது. செய்து முடிப்பதே அரிது. அந்த மூன்றாவது சொல்லுக்குத்தான் இளைஞர்களின் தோள் வேண்டும்.