கட்டடத்துக்கு மூத்த பனை

இன்றைய பயணத்துக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தியாகராய நகரில் தொடங்கி, மயிலாப்பூர் வழியாக அடையாற்றின் தென்கரை வரை போவோம். பார்க்கப்போவது பனைக் குடும்பத்து மரங்களை மட்டும். அடுக்குமாடிச் சுற்றுச்சுவருக்குள்ளோ, வண்டி நிறுத்தும் மூலையிலோ ஒற்றைப் பனை நின்றால், யாரோ அழகுக்காக நட்டது என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். பெரும்பாலும் அந்தப் பனை கட்டடத்துக்கு மூத்தது என்பதே என் கட்சி.

பனை முளைக்கும் விதத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கொட்டையிலிருந்து முதலில் ஒரு குழல் மண்ணுக்குள் இறங்கும். ஆழத்தில் கிழங்கு கட்டும். பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோமே, அந்தக் கிழங்குதான். பிறகு தலைகாட்டும் வடலி பல ஆண்டுகள் வெறும் ஓலையாகவே நிற்கும். ஆழத்தில் ஊன்றிய வடலியைப் பெயர்த்து நடுவது கடினம். ஓட்டல் வாசல்களில் வழவழவென்று சாம்பல் தூணாக நிற்பது வேறு இனம், கியூபாவின் ராஜபனை. வளர்ந்த மரமாகவே லாரியில் வந்திறங்கி ஒரே நாளில் முகப்பை நிரப்பிவிடும். காசு இருந்தால் போதும்! இன்னொன்றும் உண்டு. கோடையில் மயிலாப்பூர்த் தெருமுனையில் குவியும் நுங்குக் கூந்தலிலிருந்து ஒரு பனைகூட முளைக்காது. நுங்கு முற்றாத விதை. பழுத்து விழுந்து, மண்ணில் கிடந்தால்தான் முளைக்கும். ஈச்சை நேர் எதிர். மைனாவும் மரநாயும் பழத்தைத் தின்று கொட்டையை ஊரெல்லாம் போடும். ஆகவே சுவர் இடுக்கில் ஓர் ஈச்சங்கன்று இருந்தால் அது நேற்று வந்தது. அதே இடத்தில் நெடும்பனை நின்றால், அங்கே ஒரு காலத்தில் திறந்த மண் இருந்திருக்கிறது.

இருந்ததும் உண்மை. இன்றைய தியாகராய நகரின் பெரும்பகுதி, மயிலாப்பூர் ஏரி என்றும் நெடும் ஏரி என்றும் சொல்லப்பட்ட நீர்ப்பரப்பைத் தூர்த்து 1920-களில் எழுந்தது. ஏரிக்கரையில் பனை விதைப்பது நம் பழைய வழக்கம். அதன் வேர்க்கற்றை கரையைப் பிடித்து நிறுத்தும்.

அப்படியானால் அதுவும் மனிதர் விதைத்ததுதானே, தானாக வந்த மரம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் பனையே ஆப்பிரிக்கப் பனையிலிருந்து மனிதர் கைவழியாக உருவாகி வந்தது என்று கருதும் தாவரவியலாளர்களும் உண்டு. ஆனால் முதல் விதையை யார் போட்டிருந்தாலும், அடுத்தடுத்த தலைமுறைகள் விழுந்த இடத்தில் தாமே முளைத்தன. தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டியிருக்கவில்லை. காட்டு மரம், வீட்டு மரம் என்று கோடு கிழித்தால் பனை இரண்டு பக்கமும் நிற்கும்.

வயதை எப்படி அறிவது என்பது அடுத்த தடை. பனையை அறுத்தாலும் ஆண்டு வளையம் கிடையாது. உயரம்தான் கணக்கு. அடிமரம் எழுந்தபின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அடி வளரும் என்று வைத்தால், நான்கு மாடி உயரப் பனைக்கு நாற்பது வயது. வடலிப் பருவத்தையும் சேர்த்தால் அரை நூற்றாண்டு. ஏரி காலத்து மரம் என்று இதைக்கொண்டு சாதிக்க முடியாது. அந்த மரத்தின் வாரிசாக இருக்கலாம், அவ்வளவே. பக்கத்திலிருக்கும் அடுக்குமாடியைவிட மூத்தது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

சுவர் எழும்பாத மண்ணில் பனை எப்படி இருக்கும் என்று ஒப்பிட, தெற்கே கிண்டிக்குப் போக வேண்டும். 1978-இல் தேசியப் பூங்காவான சுமார் 270 ஹெக்டேர் புதர்க்காடு அது. அதையொட்டிய ஐஐடி வளாகமும் அதே காட்டிலிருந்து பிரிந்த நிலம்தான். அங்கே விழுகிற பழத்துக்கு மண் கிடைக்கும். தியாகராய நகரில் பழம் சிமென்டில் விழுகிறது; காலையில் கூட்டித் தள்ளிவிடுகிறார்கள். வேம்பை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். பனைக்கு உச்சிக் குருத்து ஒன்றே உயிர். அது போனால் மரமே போயிற்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் அந்த உத்தரவு காப்பாற்றுவது நிற்கிற மரத்தை மட்டுமே. விழும் கொட்டைக்கு இரண்டு முழம் மண் விடுவது குடியிருப்பவர் கையில் இருக்கிறது. ஆடி, ஆவணியில் பழம் விழும். உங்கள் தெருப் பனை ஆணா பெண்ணா என்பதையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.