முதலில் சீட்டு, பிறகு பேச்சு



'தீர்வு தருவது தனி மூளையா, கூடிப் பேசுவதா?' இதுதான் தலைப்பு. எதிரணிப் பேராசிரியர் ஒரு போடு போட்டார். "பத்துப் பேர் கூடினால் பஜ்ஜிதான் தீரும், பிரச்சினை தீராது" என்றார். (சிரிப்பு) ஐயா, அந்தப் பஜ்ஜியைத் தின்றவன் நான். நீங்கள் சொன்னதில் பாதி உண்மை.

எங்கள் தெருவில் மழை பெய்தால் மூன்று நாள் தண்ணீர் நிற்கும். குடியிருப்போர் சங்கத்தில் கூடுவோம். ஒருவர் "ஏதாவது செய்யணும் சார்" என்பார். உடனே இன்னொருவர் "அதெல்லாம் நடக்காது சார்" என்பார். நடக்காது என்பவருக்குத்தான் எப்போதும் குரல் பெரிசு! (கைதட்டல்) மூன்று வருஷம் இப்படியே போச்சு.

அப்போது ஒருவர் எழுந்தார். பாடியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பாடி என்றால் லேசுப்பட்ட ஊரா? ஜப்பானின் டெமிங் பரிசை 1998-ல் வாங்கிய முதல் இந்தியக் கம்பெனி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, அது பாடியில்தான்! 2003-ல் அதே பரிசு ரானே பிரேக் லைனிங்குக்கு வந்தது. ஜப்பானில் 1962-ல் தொடங்கிய தர வட்டம், அதாவது மெஷினில் நிற்கிறவரே உட்கார்ந்து யோசிக்கிற முறை, அதில் பழகிய மனிதர் அவர்.

எல்லாருக்கும் வெள்ளைச் சீட்டு கொடுத்தார். "பேசாதீங்க, எழுதுங்க. ஆளுக்கு நாலு யோசனை. பேர் வேண்டாம். எழுத வராதவங்க என் காதுல சொல்லுங்க."

ஏன் பேசக் கூடாது? 1958-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். நாலு பேர் கூடிப் பேசியதைவிட, அதே மாதிரி நாலு பேர் தனித்தனியே யோசித்துச் சேர்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனை வந்தது. எதிரணிக்கு நானே பாயிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன்! (சிரிப்பு) ஆனால் சீட்டு தனியாக எழுதுவது. பொறுக்குவது கூடித்தானே ஐயா?

நாற்பது சீட்டுக்கு மேல் வந்தது. வாசிக்கும்போது யாரும் குறை சொல்லக் கூடாது. இந்த விதியை விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1953-லேயே புத்தகத்தில் எழுதிவிட்டார். பிறகு பலகையில் இஷிகாவாவின் மீன்முள் படம். தலையில் பிரச்சினை, முள்ளில் காரணங்கள். சைவர்கள் மன்னிக்க வேண்டும். (சிரிப்பு)

ஒரு சீட்டில் இப்படி இருந்தது: 'முத நாள் தண்ணி மழையால. அடுத்த ரெண்டு நாள் மூலை வீட்டுச் சறுக்கால.' கார் ஏறப் போட்ட சிமெண்ட் சறுக்கு கால்வாய் வாயை அடைத்துக் கொண்டிருந்தது. அந்த மூலை வீடு யாருடையது தெரியுமா? என்னுடையது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அத்தோடு விடவில்லை அவர். 'செய்வோம்' என்பதை அடித்துவிட்டு, எது, யார், எந்தத் தேதி என்று மூன்று பத்தி போட்டார். எந்த வேலையை எதைக் கொண்டு எவர் முடிப்பார் என்று ஆராய்ந்து அவரிடம் விடச் சொன்ன வள்ளுவர், 'தெரிந்து வினையாடல்' என்று தனி அதிகாரமே வைத்தார். வகுப்பில் இருபத்தைந்து வருஷம் அதை நடத்தியவன் நான்! சறுக்கை உடைப்பது நான், ஞாயிற்றுக்கிழமைக்குள். மண் வாருவது மூன்று இளைஞர்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் அரை நாளில் வடிந்தது.

அந்தச் சீட்டு என்னுடையது என்று பின்னால் சொன்னவர் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா?" என்றேன்.

"நீங்க எங்க சார் பேச விட்டீங்க?" என்றார்.

நடுவர் மணி அடித்துவிட்டார். அமர்கிறேன். (கைதட்டல்)