தூதுப் பணியும் இல்லறமும்

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். புறப்படுமுன், இல்லறக் கடமைகள் உண்டா என்று அதியமான் அவரை வினவியதாகப் புறநானூற்றில் எங்கும் காணோம். இருபதாம் நூற்றாண்டில் நம் அரசாங்கம் அக்கேள்வியைக் கேட்டது; விடையை எழுத்திலும் வாங்கிக்கொண்டது. அவ்வாறு எழுதிக் கொடுத்த ஒரு பெண்மணியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

அவர் சி. பி. முத்தம்மா. குடகு நாட்டு விராஜ்பேட்டையில் 1924ஆம் ஆண்டில் பிறந்தவர். காட்டிலாகா அதிகாரியான தந்தையார், முத்தம்மாவின் ஒன்பதாம் வயதில் காலமாகிவிடவே, நான்கு குழந்தைகளையும் படிக்கவைக்கும் பொறுப்பு தாயாரைச் சேர்ந்தது. மகள் சென்னைக்கு வந்து பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அக்கல்லூரிகளின் மாணவ மாணவியர் சிலர் இப்போது என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

1948இல் மத்திய தேர்வாணையத்தின் தேர்வில் வெற்றி பெற்ற முத்தம்மா, அயல்நாட்டுப் பணியில் சேர விரும்பினார். தேர்வுக் குழுவினர் தடுத்துப் பார்த்தனர். அவர் இசையவில்லை. மணம் புரிந்தால் பதவியைத் துறப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்த பின்னரே, 1949இல் அப்பணியின் முதற் பெண் அலுவலராகச் சேர்க்கப்பட்டார்.

இதில் ஒரு விந்தை உண்டு. 1947 முதல் மாஸ்கோவிலும், 1949 முதல் வாஷிங்டனிலும் இந்தியத் தூதராக வீற்றிருந்தவர் விஜயலட்சுமி பண்டிட். அவர் 1944இல் கணவரை இழந்தவர். மூன்று பெண்களின் தாய். 1953இல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபைக்கே முதற் பெண் தலைவரானார். மூன்று மக்களைப் பெற்ற தாய் வல்லரசுகளின் முன் நாட்டின் குரலாக நிற்கலாம். பரீட்சையில் தேறி வந்த இளம்பெண் மட்டும் மணமாலை சூடலாகாது! நியமனப் பதவிக்கு ஒரு நீதி, விதிப் புத்தகத்திற்கு வேறொரு நீதி.

1961ஆம் ஆண்டின் விதிகள் இதனை மேலும் விரித்துரைத்தன. பெண் அலுவலர் மணம் புரியுமுன் அரசாங்கத்தின் அனுமதியை எழுத்து மூலம் பெற வேண்டும்; மணமான பின்னும், குடும்பப் பொறுப்புகள் பணிக்கு இடையூறாகும் என்று அரசாங்கம் கருதினால் அவரை விலகச் சொல்லலாம். ஆண் அலுவலருக்கு வீடு இல்லையா? மக்கள் இல்லையா? உண்டு, ஆனால் அச்சுமையை மனைவி தாங்குவாள் என்பது எழுதாத விதி. தூதரின் இல்லத்தில் விருந்தினரை உபசரிப்பதும், ஊர்விட்டு ஊர் பெயரும் குழந்தைகளைப் பேணுவதும் அவள் பொறுப்பு. அதற்கு ஊதியமும் கிடையாது. இல்லறம் தூதுப் பணிக்குத் தடையென்று அரசாங்கம் மெய்யாகவே நம்பியிருந்தால், மணமான ஆண்களை அல்லவா முதலில் வீட்டிற்கு அனுப்பியிருக்க வேண்டும்?

முத்தம்மா பாரிஸ் முதலிய நகரங்களில் பணியாற்றினார். 1970இல் ஹங்கேரியில் தூதரானார். அவர் மணம் புரிந்துகொள்ளவேயில்லை. அதன் காரணத்தை ஆராய்வது நமக்கு உரியதன்று.

உயர்ந்த படிநிலைக்குரிய பதவி உயர்வு தமக்கு மறுக்கப்பட்டபோது, பெண் என்பதே காரணம் என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசாங்கம் பதவி உயர்வை அளித்துவிட்டது. ஆகவே 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. தோற்றார் என்று எண்ணிவிடாதீர்கள். தீர்ப்பளித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், குடும்பத்தால் பணிக்கு இடையூறு நேரக்கூடுமென்றால் அது ஆணுக்கும் நேரக்கூடியதே என்று எடுத்துரைத்தார். முத்தம்மாவின் பணி மூப்பை மறுபடியும் பரிசீலிக்குமாறு ஆணையிட்டார். வழக்குக்கு வழக்கு காத்திராமல், பணி விதிகள் அனைத்திலும் இக்களங்கத்தை நீக்க வேண்டுமென்றும் வற்புறுத்தினார். மணமான பெண் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்ற விதி 1973இலேயே நீக்கப்பட்டிருந்தது. திருமண அனுமதி பற்றிய விதியும் நீக்கப்படுகிறது என்று அரசாங்கம் நீதிமன்றத்தில் தெரிவித்தது.

1982இல் முத்தம்மா ஓய்வு பெற்றார். 2009 ஆகஸ்டில், மணமானவரும் இரு ஆண் மக்களின் தாயுமான நிருபமா ராவ் வெளியுறவுச் செயலாளர் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபரில் முத்தம்மா காலமானார்.